டேப் தட்டினால் மனு வரவில்லை!

நேற்று வரை ஒழுங்காக வேலை பார்த்த ஒரு வசதி இன்று வேலை செய்யவில்லை. என்ன செய்வீர்கள்? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் முதலில் தங்களையே குறை சொல்லிக் கொள்வார்கள். "நான்தான் எதையோ தட்டி விட்டேன் போல" என்று சொல்லி, அந்த வசதியைக் கை விட்டுவிட்டு வேறு வழியில் வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். என் அக்காவும் அப்படித்தான் செய்தார். அதனால் இரண்டு மாத காலம் ஒரு தவறு வெளியில் தெரியாமலே வளர்ந்தது. அந்தத் தவறு என்ன, அதை எப்படித் தேடிப் பிடித்தோம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இதில் வரும் எடிட்டர் உங்களிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தேடிய முறை எல்லா புரோகிராமுக்கும் பொருந்தும்.

அக்கா வீட்டுத் திண்ணை

எங்கள் ஊர் பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் கோட்டை என்றால் எல்லோருக்கும் தெரியும். இப்போது நீங்கள் வந்து பார்க்கும் கோட்டை 1974ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. அதைச் சுற்றி கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் என்று ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் வெள்ளாமை.

நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு சென்னையில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். அக்கா ஊரிலேயே வீட்டுத் திண்ணையில் ஒரு ஜெராக்ஸ் மெஷினும், நான் பயன்படுத்திய பழைய லேப்டாப்பும், ஒரு பிரிண்டரும் வைத்துக் கடை நடத்துகிறார். ஜெராக்ஸ் எடுப்பதை விட மனு எழுதிக் கொடுப்பதில்தான் கூட்டம். பட்டா மாறுதல், முதியோர் உதவித் தொகை, பயிர் சேதம் என எதுவாக இருந்தாலும் அக்காவிடம் வருவார்கள்.

லேப்டாப்பில் ராம் குறைவு. எனவே உபுண்டு லினக்ஸ் போட்டு, எழுதுவதற்கு நான் தினமும் பயன்படுத்தும் எமாக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரை அமைத்துக் கொடுத்திருந்தேன். எமாக்ஸ் புதிய புரோகிராம் அல்ல. 1976ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுக் கூடத்தில், அங்கிருந்த பழைய எடிட்டர் ஒன்றின் மேல் எழுதப்பட்ட மேக்ரோக்களின் தொகுப்பாகத் தொடங்கியது. எடிட்டர் மேக்ரோஸ் என்பதன் சுருக்கம்தான் எமாக்ஸ். ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜி.என்.யு. எமாக்ஸ் 1985ல் வெளியானது. இன்றும் வளர்ந்து கொண்டே இருக்கிறது. இலவசம். முக்கியமாக, இதை நம் விருப்பப்படி எப்படி வேண்டுமானாலும் மாற்றி அமைக்கலாம். இதன் பலமும் அதுதான், தலைவலியும் அதுதான்.

எமாக்ஸுக்குள் ஆர்க் மோட் என்று ஒரு பகுதி உண்டு. குறிப்பு, பட்டியல், கட்டுரை போன்றவற்றை ஒழுங்காக எழுத உதவுவது. கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியல் அறிஞர் 2003ல் தன் சொந்தத் தேவைக்காக எழுதத் தொடங்கியது இது.

டெம்ப்ளேட் என்றால் என்ன?

ஒரே மாதிரி மனுவை நாள் முழுவதும் திரும்பத் திரும்ப டைப் செய்வது வீண் வேலை அல்லவா? அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, வணக்கம், இப்படிக்கு என்பதெல்லாம் மாறாது. பெயர், ஊர், சர்வே எண் ஆகியவைதான் மாறும். எனவே மாறாத பகுதியை ஒரு முறை எழுதி வைத்து அதற்கு ஒரு சுருக்கெழுத்தும் கொடுத்து விடுகிறோம். அந்தச் சுருக்கெழுத்தைத் தட்டினால் முழு மனுவும் திரையில் விரியும். இந்த அச்சு வார்ப்பைத்தான் டெம்ப்ளேட் என்கிறோம்.

ஆர்க் மோடில் இதற்கு ஓர் எளிய வழி இருந்தது. ஒரு வெற்று வரியில் '<' குறியைப் போட்டு, அதை அடுத்து ஓர் ஆங்கில எழுத்தை அடித்து, டேப் கீயைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான். எஸ் என்ற எழுத்துக்கு புரோகிராம் வரிகள் எழுதுவதற்கான கட்டம் வரும். இது அதனுடனேயே வருவது. 2021ல் நான் இந்தப் பட்டியலில் நான்கு மனுக்களைச் சேர்த்தேன். பயிர் சேத மனுவுக்கு எம் என்ற எழுத்து. அக்கா '<', எம், டேப் என்று தட்டுவார். மனு வந்து நிற்கும். கர்சர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் போய் நிற்கும்.

முதல் பாடம்: காணாமல் போன கேள்விக்குறி

அப்போதே ஒரு சின்னச் சிக்கல் வந்தது. மனுவின் கடைசியில், "சேதம் 33 சதவீதத்திற்கு மேல் உள்ளதா?" என்று ஒரு வரி வைத்திருந்தேன். டேப் தட்டினால் மனு முழுதாக விரிந்தது. ஆனால் கர்சர் பெயர் எழுதும் இடத்திற்குப் போகவில்லை. மனுவின் கடைசிக்குப் போய் நின்றது. அந்த வரியில் இருந்த கேள்விக்குறியையும் காணோம்!

காரணம் இதுதான். அந்தப் பழைய முறையில், டெம்ப்ளேட்டுக்குள் கேள்விக்குறி போட்டால் 'கர்சரை இங்கே நிறுத்து' என்று பொருள். புரோகிராம் மனுவை விரித்த பிறகு, கடைசியிலிருந்து பின்னோக்கித் தேடி, முதலில் கிடைக்கும் கேள்விக்குறியை அழித்துவிட்டு அங்கே கர்சரை நிறுத்தும். நான் கர்சருக்காகப் போட்ட கேள்விக்குறி மேலே இருந்தது. வாக்கியத்துக்காகப் போட்டது கீழே இருந்தது. கீழே இருந்தது மாட்டிக் கொண்டது. "உள்ளதா என்ற விவரம்" என்று வாக்கியத்தை மாற்றியதும் சரியாகி விட்டது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. நமக்கு அது சாதாரண நிறுத்தக் குறி. புரோகிராமுக்கு அதுவே ஒரு கட்டளை. நீங்கள் எழுதாத ஒன்று திரையில் வந்தாலோ, எழுதிய ஒன்று மறைந்தாலோ, அந்த இடத்தில் கேள்விக்குறி, டாலர் குறி, சதவீதக் குறி போல ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தீபாவளிக்கு நான் செய்த காரியம்

2023 தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, லேப்டாப்பில் இருந்த உபுண்டு 20.04ஐ 22.04க்கு அப்கிரேட் செய்தேன். இரவு முழுக்க டவுண்லோட் ஆகி, காலையில் முடிந்தது. திரை வந்தது, பிரிண்டர் வேலை செய்தது, தமிழ் டைப் ஆனது. "எல்லாம் சரி அக்கா" என்று சொல்லி விட்டு ரயில் ஏறி விட்டேன். டெம்ப்ளேட்டைத் தட்டிப் பார்க்கவில்லை. தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது.

டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. கரிசல் மண் தண்ணீரைக் குடித்தால் லேசில் விடாது. தண்ணீர் நின்ற காடுகளில் உளுந்தும் பாசியும் அழுகின. அதன் பிறகு அக்கா கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பயிர் சேத மனுவுக்காக வந்தவர்கள்.

2024 பொங்கலுக்காக வந்தேன். கோவில்பட்டியில் ரயில் இறங்கி, பசுவந்தனை வழியாக பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது, திண்ணையில் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். அக்கா மனுவை டைப் செய்து முடித்திருந்தார். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"வாசிச்சுக் காட்டு தாயி" என்றார்.

அக்கா வாசித்தார். தாத்தா கையை உயர்த்தினார்.

"முதல்ல ஒரு நம்பரு சொன்ன. இப்ப வேற நம்பரு சொல்லுத. என் காட்டுக்கு ரெண்டு நம்பரு கிடையாதே."

வாங்கிப் பார்த்தேன். மனுவின் உடலில் தாத்தாவின் சர்வே எண் சரியாக இருந்தது. மேலே 'பொருள்' என்ற வரியில் இருந்தது வேறு யாருடையதோ எண்.

"ஏன்க்கா, டேப் தட்டி எழுதலையா?"

"எங்கல தட்ட? நீ தீபாவளிக்கு வந்துட்டுப் போனதுல இருந்து அது வர மாட்டேங்கு. நான்தான் எதையாவது அழிச்சிட்டேனோன்னு நினைச்சேன். முந்தின நாள் எழுதின மனுவை காப்பி பண்ணி, பேரை மாத்தி மாத்தி எழுதிட்டு இருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. காப்பி செய்து எழுதும்போது பெயரை மூன்று இடத்தில் மாற்ற வேண்டும். சர்வே எண்ணை இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால், ஒருவருடைய மனுவில் இன்னொருவருடைய நிலம் வந்து விடும். தாத்தா காது கொடுத்துக் கேட்டதால் அவர் மனு தப்பித்தது. அதற்கு முன்பு போனவை?

முதலில் சேதத்தைக் கணக்கிடுங்கள்

பிழையைச் சரி செய்வதற்கு முன், அதனால் ஏற்கெனவே என்ன கெட்டுப் போயிருக்கிறது என்று பார்ப்பதுதான் முறை. அக்கா எழுதிய எல்லா மனுக்களும் ஒரே போல்டரில் இருந்தன. ஒரு போல்டரில் உள்ள எல்லா பைல்களிலும் ஒரு சொல்லைத் தேடி, அது வரும் வரிகளை மட்டும் பட்டியலாகக் காட்டும் வசதி எமாக்ஸில் உண்டு. 'சர்வே எண்' என்று கொடுத்தேன். ஒவ்வொரு மனுவுக்கும் இரண்டு வரிகள் வந்தன. இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். அக்கா தன் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். அதில் யார், எந்த ஊர், எந்த எண், எவ்வளவு வாங்கினோம் என்று எழுதி வைத்திருந்தார். நான் வாசிக்க வாசிக்க அக்கா டிக் செய்தார்.

மொத்தம் 37 மனுக்கள். மூன்றில் எண் மாறியிருந்தது. ஒன்று தாத்தாவுடையது. மற்ற இரண்டும் ஏற்கெனவே அலுவலகத்தில் கொடுக்கப்பட்டவை. அக்கா எதுவும் பேசவில்லை. அன்றைக்கே அந்த இரண்டு பேருக்கும் போன் செய்து, திருத்திய மனுவை எழுதி, அடுத்த வேலை நாளில் கொண்டு போய்க் கொடுக்க ஏற்பாடு செய்தார். காசு வாங்கவில்லை.

அதன் பிறகுதான் லேப்டாப்பைத் திருப்பி வைத்துக் கொண்டு உட்கார்ந்தோம்.

பிழையைத் தேடுதல்: படிப் படியாக

1. பிழையை உங்கள் கண்ணால் பாருங்கள். "வேலை செய்யவில்லை" என்பது போதாது. என்ன தட்டினால் என்ன வருகிறது? '<', எம், டேப் தட்டினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. மனுவும் வரவில்லை. தட்டிய இரண்டு எழுத்தும் அப்படியே நின்றன.

2. எளிய காரணங்களை முதலில் நீக்குங்கள். டேப் கீ பழுதா? ஆர்க் மோடில் ஓர் அட்டவணை போட்டு டேப் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போனது. எனவே கீ நன்றாக இருக்கிறது. தமிழ் கீபோர்ட் ஆனில் இருக்கிறதா? இது முக்கியம். பழைய முறை '<' குறிக்குப் பின் ஆங்கில எழுத்தை மட்டுமே ஏற்கும். தமிழ் ஆனில் இருந்தால் எம் தட்டும்போது 'ம்' விழும், டெம்ப்ளேட் விரியாது. ஆனால் இப்போது ஆங்கிலத்தில்தான் இருந்தது. அதுவும் காரணம் இல்லை.

3. நீங்கள் சேர்த்ததா, அதனுடன் வந்ததா என்று பிரியுங்கள். நான் சேர்த்த எம் வேலை செய்யவில்லை. சரி, எமாக்ஸுடனேயே வரும் எஸ் வேலை செய்கிறதா? தட்டிப் பார்த்தேன். அதுவும் வேலை செய்யவில்லை! அக்கா எதையும் அழிக்கவில்லை என்பது அப்போதே தெரிந்து விட்டது. அக்காவிடம் சொன்னேன். இரண்டு மாதமாக மனதில் வைத்திருந்த பாரம் இறங்கியது போல் சிரித்தார்.

4. உங்கள் அமைப்புகள் எதுவும் இல்லாமல் புரோகிராமைத் திறந்து பாருங்கள். எமாக்ஸ் திறக்கும்போது நம் அமைப்புகள் எழுதிய ஒரு பைலைப் படித்துக் கொள்ளும். டெர்மினலில் எமாக்ஸ் என்று அடித்து, இடைவெளி விட்டு, சிறு கோடும் பெரிய க்யூ எழுத்தும் சேர்த்தால், எதையும் படிக்காமல் சுத்தமாகத் திறக்கும். அப்படித் திறந்தும் எஸ் விரியவில்லை. நான் அதுவரை எங்கள் அமைப்பு பைல் கெட்டுப் போயிருக்கும் என்றே நினைத்திருந்தேன். என் எண்ணம் தவறு. மாற்றம் புரோகிராமுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

இந்த நான்காவது படி உங்களுக்கும் பயன்படும். வேர்டு சரியாகத் திறக்கவில்லை என்றால், கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி வேர்டு ஐகானை கிளிக் செய்திடுங்கள். சேப் மோடில் திறக்கவா என்று கேட்கும். லிப்ரே ஆபீஸிலும் பயர்பாக்ஸிலும் ஹெல்ப் மெனுவில் இதே போன்ற வசதி உண்டு. சேப் மோடில் சரியாக இருந்தால் பிழை நீங்கள் சேர்த்தவற்றில் இருக்கிறது. அப்போது சேர்த்தவற்றில் பாதியை நிறுத்திப் பாருங்கள். சரியானால் பிழை அந்தப் பாதியில். ஆகாவிட்டால் மறு பாதியில். இப்படிப் பாதி பாதியாகப் போனால், நூறு வரி இருந்தாலும் ஏழு முறைக்குள் குற்றவாளி பிடிபடுவான்.

5. வெர்ஷனைப் பாருங்கள். உபுண்டு 20.04ல் இருந்தது எமாக்ஸ் 26.3. அதனுடன் வந்த ஆர்க் மோட் 9.1. உபுண்டு 22.04ல் வந்தது எமாக்ஸ் 27.1. அதில் ஆர்க் மோட் 9.3. இடையில் ஒரு 9.2 இருக்கிறது அல்லவா? அங்கேதான் கை வைக்க வேண்டும்.

6. என்ன மாறியது என்று படியுங்கள். எமாக்ஸுடன் ஆர்க் மோடின் மாற்றக் குறிப்புகள் அடங்கிய பைல் ஒன்றும் நம் கம்ப்யூட்டருக்கே வந்து விடுகிறது. இன்டர்நெட் கூடத் தேவையில்லை. அதைத் திறந்து 'டெம்ப்ளேட்' என்ற சொல்லைத் தேடினேன். 9.2 பற்றிய பகுதியில் விஷயம் இருந்தது.

நடந்தது என்ன?

9.2ல் இரண்டு மாற்றங்கள் செய்திருந்தார்கள். ஒன்று, '<' குறியும் டேப்பும் கொண்டு விரிக்கும் முறையை ஆர்க் மோடின் மையத்திலிருந்து எடுத்து, ஆர்க்-டெம்போ என்ற தனிப் பகுதியில் வைத்து விட்டார்கள். வேண்டும் என்பவர்கள் அதைத் தாங்களே அழைத்துக் கொள்ள வேண்டும். வேண்டாதவர்களுக்கு கன்ட்ரோல்-சி, பிறகு கன்ட்ரோல்-கமா தட்டினால் ஒரு மெனு வரும்.

இரண்டு, டெம்ப்ளேட் பட்டியலை எழுதும் விதத்தையே மாற்றி விட்டார்கள். முன்பு ஓர் எழுத்துக்கு எதிரே என்ன வாசகம் வேண்டுமானாலும் முழுதாக எழுதலாம். புதிய முறையில் ஓர் எழுத்துக்கு எதிரே ஒரு கட்டத்தின் பெயரை மட்டும் எழுத வேண்டும். அதன் தொடக்க வரியையும் முடிவு வரியையும் ஆர்க் மோடே போட்டுக் கொள்ளும். புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது வசதி. எங்களுடைய மனுக்களுக்கு அந்தப் பட்டியலில் இனி இடம் இல்லை.

சரி செய்தல்

முதலில் அமைப்பு பைலுக்கு ஒரு காப்பி எடுத்து வைத்தேன். இதை மறந்து விடாதீர்கள். பிழையைச் சரி செய்யப் போய் இருப்பதையும் இழந்தவர்கள் பலர்.

பிறகு ஆர்க்-டெம்போவை அழைக்கும் ஒரு வரியைச் சேர்த்து, எமாக்ஸை மூடித் திறந்தேன். எஸ் விரிந்தது! அதே நேரத்தில் ஒரு எச்சரிக்கையும் வந்தது. உங்கள் பட்டியல் பழைய முறையில் இருக்கிறது, 9.2ல் முறை மாறி விட்டது, திருத்துங்கள் என்பது அதன் சாரம். இப்படிப்பட்ட செய்திகளைக் கண்டதும் பயந்து மூடி விடாதீர்கள். பிழை எங்கே இருக்கிறது என்று புரோகிராமே விரலை நீட்டிக் காட்டும்போது நாம் ஏன் முகத்தைத் திருப்ப வேண்டும்?

பழைய நான்கு மனுக்களையும் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கினேன். ஆர்க்-டெம்போ என்பது, எமாக்ஸில் ஏற்கெனவே இருக்கும் டெம்போ என்ற டெம்ப்ளேட் பகுதியின் மேல் கட்டப்பட்டது. எனவே மனுக்களை டெம்போவின் முறையிலேயே எழுதி, ஆர்க்-டெம்போவின் பட்டியலில் சேர்த்து விடலாம்.

டெம்போவில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. மாறும் விவரத்தைக் கேள்வியாகக் கேட்டு வாங்கி, அதற்கு ஒரு பெயர் கொடுத்து நினைவில் வைத்துக் கொள்ளும். பிறகு அதே விவரம் தேவைப்படும் மற்ற இடங்களில் தானே நிரப்பும். பெயரை ஒரு முறை சொன்னால் மூன்று இடத்தில் வரும். சர்வே எண்ணை ஒரு முறை சொன்னால் 'பொருள்' வரியிலும் உடலிலும் ஒரே எண்ணாக வரும். எங்களுக்கு வேண்டியது இதுதானே!

எழுதித் தட்டினேன். மனு விரிந்தது. ஆனால் கேள்வி எதுவும் கேட்கவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறுமையாக இருந்தது. மறுபடியும் பிழையா? இந்த முறை நேராக டெம்போவின் விளக்கத்தைப் படித்தேன். கேள்வி கேட்கும் வசதிக்கு டெம்போ-இன்டராக்டிவ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. நாம் ஆன் செய்யாத வரை அது ஆஃபிலேயே இருக்கும். கேட்காமல், இடத்தை மட்டும் காலியாக விட்டுப் போகும். ஒரு வரியில் அதை ஆன் செய்தேன்.

இப்போது தட்டினால் திரையின் அடியில் "பெயர்:" என்று கேட்டது. அடுத்து "ஊர்:", "சர்வே எண்:", "பயிர்:" என்று வரிசையாகக் கேட்டது. பதில் சொல்லி முடித்ததும் மனு தயார்.

இன்னும் ஒரு லாபம். ஆர்க்-டெம்போ '<' குறிக்குப் பின் ஆங்கில எழுத்துதான் வேண்டும் என்று அடம் பிடிப்பதில்லை. தமிழ் எழுத்தையும் ஏற்றுக் கொள்கிறது. எனவே எம் என்பதை எடுத்து விட்டு 'ம' என்று வைத்தேன். மனுவுக்கு ம. அக்கா இனி கீபோர்டை ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற்றி மாற்றித் தட்ட வேண்டியதில்லை.

தாத்தா அதுவரை திண்ணையிலேயே இருந்தார். புதிய டெம்ப்ளேட்டில் முதல் மனு அவருக்குத்தான். அக்கா ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, அவர் பதில் சொன்னார். பிரிண்ட் எடுத்து வாசித்துக் காட்டினார். எண் வரும் இரண்டு இடத்திலும் தாத்தா தலையை ஆட்டினார். "இப்ப ஒரே காடுதான்" என்றார்.

உங்கள் கம்ப்யூட்டரில் எப்படி?

எமாக்ஸ் எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் இந்த டெம்ப்ளேட் வசதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

எம்.எஸ். வேர்டில், அடிக்கடி எழுதும் பகுதியைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்-எப்3 அழுத்துங்கள். ஒரு பெயர் கேட்கும். சிறிய பெயராகக் கொடுத்து சேவ் செய்திடுங்கள். அடுத்த முறை அந்தப் பெயரை டைப் செய்து எப்3 தட்டினால் முழுப் பகுதியும் வந்து விடும்.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில், பகுதியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-எப்3 அழுத்தினால் ஆட்டோ டெக்ஸ்ட் டயலாக் பாக்ஸ் வரும். பெயரும் சுருக்கெழுத்தும் கொடுத்து, புதிது என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு சுருக்கெழுத்தை டைப் செய்து எப்3 தட்டினால் போதும்.

இது எதையும் பயன்படுத்தாமல், நேற்று எழுதிய கடிதத்தைத் திறந்து பெயரை மாற்றி எழுதுபவர்கள் நிறையப் பேர். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பழைய கடிதத்தில் மாற்ற மறந்த ஒரு வரி, வெற்று இடம் போலக் கண்ணில் படாது. சரியான வரி போலவே உட்கார்ந்திருக்கும். அதற்குப் பதில் பெயர், எண் இருக்கும் இடங்களில் கோடு மட்டும் போட்ட வெற்றுப் படிவம் ஒன்றைத் தனியாக வைத்துக் கொள்ளுங்கள். மறந்தால் கோடு காட்டிக் கொடுக்கும்.

அப்கிரேட் செய்பவர்களுக்கு

அப்கிரேட் செய்யாமல் இருக்க முடியாது. உபுண்டு 20.04க்கு வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025ல் முடிந்து விட்டது. பழையதிலேயே இருந்திருந்தாலும் என்றாவது ஒரு நாள் மாறித்தான் ஆக வேண்டும். ஆனால் மாறுவதற்கு முன், அந்தக் கம்ப்யூட்டரில் தினமும் நடக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தாறு வரிதான் வரும். அப்கிரேட் முடிந்ததும் ஒவ்வொன்றையும் செய்து பார்த்து டிக் போடுங்கள். வேறு ஒருவர் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால், அவரையே உட்கார வைத்துச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். நான் தீபாவளிக்கு இதைச் செய்திருந்தால், இரண்டு மனுக்கள் தவறான எண்ணோடு போயிருக்காது.

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்களுக்கு இன்னொன்று. ஏதாவது வேலை செய்யவில்லை என்றால், அமைத்துக் கொடுத்தவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். உங்கள் தவறாக இருக்குமோ என்று தயங்காதீர்கள். பெரும்பாலும் இருக்காது. உங்கள் தவறாகவே இருந்தாலும், ஒரு நாள் தவறைத் திருத்துவது சுலபம், இரண்டு மாதத் தவறைத் திருத்துவதுதான் கஷ்டம்.

அக்கா இப்போதும் மனு எழுதி முடித்ததும் எதிரில் இருப்பவருக்கு ஒரு முறை வாசித்துக் காட்டி விட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறார். டெம்ப்ளேட் சரியாக வேலை செய்கிறது என்பதால் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நீங்களும் உங்கள் கடிதத்தை பிரிண்ட் கொடுக்கும் முன் ஒரு முறை வாய் விட்டு வாசித்துப் பாருங்கள். கண் விட்டதைக் காது பிடிக்கும்.